ஒத்தைக்கு ஒத்தை

ஐஸ் ஹாக்கியைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களின் கண் கோல் வலை மீதே இருக்கும். ஆடுகிறவர்களையும் பயிற்சியாளர்களையும் கேட்டால் தளத்தின் மூலையைக் காட்டுவார்கள். பக் என்னும் அந்த ரப்பர் வில்லை பலகைச் சுவரோரம் கிடக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதனிடம் வந்து சேருவார்கள். முந்தியவர் முதுகைக் காட்டி, இடுப்பைத் தாழ்த்தி, பக்கைத் தன் உடலால் மறைத்துக்கொள்வார். பிந்தியவர் அவர் எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்பதை இடுப்பின் அசைவிலிருந்து படிக்க வேண்டும். மூன்று நான்கு நொடிகளில் முடிந்துவிடும். வென்றவரின் அணி கோலை நோக்கிப் போகும், தோற்றவரின் அணி பின்னால் ஓடும். ஒரு வீரர் ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடம்தான் தளத்தில் இருப்பார். அதற்குள் இப்படிப்பட்ட மோதல் ஒன்றிரண்டாவது வந்துவிடும்.

இந்த மூன்று நொடித் திறமையை எங்கே வளர்ப்பது? பனித்தள நேரம் விலை அதிகம். சிறுவர் அணிகளுக்கு வாரத்தில் கிடைக்கும் சில மணி நேரமும் சறுக்கல், பாஸ், ஷாட் என்று பங்கு போய்விடுகிறது. ஆகவே மிச்ச வேலை தரையில்தான் நடக்க வேண்டும். கனடாவில் ட்ரைலேண்ட் என்று சொல்லும் இந்தத் தரைப் பயிற்சி முக்கால் நூற்றாண்டில் சுற்றி வந்த பாதையைப் பார்த்தால், அது விளையாட்டாகத் தொடங்கி, இயந்திரமாகி, இப்போது மெல்ல மீண்டும் விளையாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பது தெரியும். இந்தத் திரும்பல் சரியானது என்பதே என் கட்சி.

1942 முதல் 1967 வரை, வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இல் ஆறே அணிகள். அந்தக் காலத்து வீரர்களில் பலர் கோடையில் வேறு வேலைக்குப் போனார்கள். சம்பளம் அவ்வளவுதான். பண்ணையிலும் ஆலையிலும் கடையிலும் உழைத்துவிட்டு, செப்டம்பரில் பயிற்சி முகாமுக்கு வந்துதான் உடல் எடையைக் குறைப்பார்கள். முறையான தரைப் பயிற்சி என்று ஒன்று இல்லை என்றே சொல்லலாம். அதனால் அவர்கள் கோடையில் ஒன்றும் கற்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கற்றது வேறு பெயரில் நடந்தது.

ஒன்று, பாக்ஸ் லாக்ராஸ். 1930-களின் தொடக்கத்தில், கோடையில் காலியாகக் கிடந்த ஹாக்கி அரங்குகளை நிரப்புவதற்காக உருவான ஆட்டம் இது. பனி உருகிய அதே தளம், அதே பலகைச் சுவர். கையில் வலை கட்டிய மட்டை. எதிரே நிற்கும் தடுப்பாளர் தன் மட்டையால் தள்ளிக்கொண்டே இருப்பார். அவரைச் சுழன்று தாண்டினால்தான் கோல் அடிக்க இடம் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக ஒன்டாரியோப் பிள்ளைகள் பலர் குளிர்காலத்தில் ஹாக்கியும் கோடையில் லாக்ராஸும் ஆடி வளர்ந்தார்கள். பின்னாளில் என்.எச்.எல். நட்சத்திரங்களான மூவரைச் சொல்லலாம்: வெய்ன் கிரெட்ஸ்கி ஆடினார். விட்பி ஊரில் வளர்ந்த ஜோ நியூவென்டைக்கும் கேரி ராபர்ட்ஸும் ஆடினார்கள்.

இன்னொன்று, தெரு. சறுக்குக் காலணி வேண்டாம். ஒரு டென்னிஸ் பந்து, சில மட்டைகள், வலைக்குப் பதில் எதையாவது இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளலாம். வண்டி வந்தால் ஒருவன் "கார்!" என்று கத்துவான், எல்லாவற்றையும் ஓரமாக இழுத்துவிட்டு, வண்டி போனதும் மறுபடி தொடங்குவார்கள். மான்ட்ரியால் கனடியன்ஸ் அணிக்கு என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை ஆறு முறை வென்று தந்த கோல்காவலர் கென் டிரைடன், டொரொண்டோவின் இஸ்லிங்டனில் தன் தந்தை தளம் போட்டுக்கொடுத்த வீட்டுப் பின்முற்றத்தில்தான் அண்ணன் டேவுடனும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுடனும் ஆடி வளர்ந்தார். டேவும் பின்னாளில் என்.எச்.எல். கோல்காவலர் ஆனார். 1983-இல் வந்த 'தி கேம்' நூலில் கென் அந்த முற்றத்தைப் பற்றி நெஞ்சார எழுதியிருக்கிறார். பெரியவர்கள் தலையிடாத, நேரம் குறிக்காத அந்த ஆட்டத்தில்தான் தன் ஆட்டம் உருவானது என்பது அவர் எண்ணம். ஆள் குறைந்த மாலைகளில் தெரு ஹாக்கி இருவருக்குள் சுருங்கிவிடும். எதிரே அண்ணன் ஒருவன், அவனைத் தாண்ட வேண்டும், அவ்வளவே.

அதே ஆண்டுகளில் மாஸ்கோவில் ஒருவர் விளையாட்டு வழியான இந்தப் பயிற்சியைத் திட்டமிட்டே செய்துகொண்டிருந்தார். சோவியத் நாட்டில் முதல் தேசிய ஹாக்கிப் போட்டி தொடங்கியது 1946 டிசம்பரில்தான். இராணுவ அணியான சி.எஸ்.கே.ஏ.-வைக் கட்டி எழுப்பிய அனத்தோலி தாராசோவிடம் வீரர்கள் இருந்தார்கள், பனி இல்லை. செயற்கைப் பனித்தளம் அங்கே அரிது. லுஷ்னிக்கி விளையாட்டு மாளிகை திறந்ததே 1956-இல். ஆண்டின் பெரும்பகுதியைத் தரையில் கழித்தாக வேண்டிய நிலை. அவர் அந்தக் குறையையே பாடத்திட்டம் ஆக்கினார். வீரர்கள் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடினார்கள். குட்டிக்கரணம் போட்டு எழுந்த வேகத்தில் பாஸ் வாங்கினார்கள். தோழனைத் தோளில் சுமந்து ஓடினார்கள், மல்லுக்கட்டினார்கள். எடை தூக்குவதும் இருந்தது; ஆனால் அது பாடத்தின் ஒரு பகுதி மட்டுமே. கனடாவில் லாயிட் பெர்சிவல் 1951-இல் எழுதிய 'ஹாக்கி ஹேண்ட்புக்' நூலைத் தாராசோவ் ஊன்றிப் படித்திருந்தார். பெர்சிவலின் சொந்த நாட்டு லீக் அதைப் பெரிதாக மதிக்கவில்லை.

விளைவு உலகம் அறிந்தது. 1954-இல் முதன்முறையாக உலகப் போட்டிக்கு வந்த சோவியத் அணி, ஸ்டாக்ஹோமில் கனடாவை 7-2 என்று வென்று பட்டம் பெற்றது. 1972 செப்டம்பர் 2 அன்று மான்ட்ரியாலில், கனடாவின் தொழில்முறை வீரர்களுக்கு எதிரான எட்டு ஆட்டத் தொடரின் முதல் ஆட்டத்தில், ஏழு நிமிடத்துக்குள் இரண்டு கோல் பின்தங்கிய சோவியத் அணி 7-3 என்று வென்றது. கனடியர்கள் கோடை முடிந்து வந்தவர்கள். மூன்றாம் பகுதியில் மூச்சு வாங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த அணியைச் செதுக்கிய தாராசோவ் அன்று பெஞ்சில் இல்லை. சில மாதங்களுக்கு முன்பே பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். அந்தத் தொடரைக் கனடா கடைசி ஆட்டத்தில், 34 நொடிகள் மிச்சமிருக்கையில் பால் ஹெண்டர்சன் அடித்த கோலால் வென்றது. ஆனாலும் வட அமெரிக்க ஹாக்கிக்கு ஒரு செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது: உடம்பைத் தயார் செய்யாமல் இனி ஆட முடியாது.

அந்தச் செய்தியைப் பாதியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்பேன். சோவியத் வீரர்களின் நுரையீரலையும் தொடையையும் பார்த்தார்கள். அவர்கள் பகலெல்லாம் ஒருவரை ஒருவர் ஏமாற்றியும் தள்ளியும் விளையாடியதைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். அளக்கக்கூடியது அளவுகோலுக்குள் வந்தது, மற்றது வெளியே நின்றது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் எல்லா அணிகளிலும் உடற்பயிற்சி வல்லுநர் வந்தார், எடைகள் வந்தன, நிலைச் சைக்கிள் வந்தது. அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வுக்கு முன் இளைஞர்களைச் சோதிக்கும் என்.எச்.எல். முகாமில் 30 நொடி உயிரைக் கொடுத்து மிதிக்கும் விங்கேட் சோதனை, ஆக்சிஜன் அளவை, நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், புல்-அப் என்று பட்டியல் நீண்டது. அது சிறுவர் பயிற்சிக் கூடங்களுக்கும் கசிந்தது. தரையில் ஏணி போல் பட்டை விரித்து அதற்குள் கால் வைத்து ஓடுவது, கூம்புகளைச் சுற்றி ஓடுவது, எல்லாவற்றுக்கும் கையில் நிறுத்துகடிகாரம்.

இந்தக் காலத்தை வீண் என்று தள்ளிவிட மாட்டேன். அது செய்த நன்மைக்குச் சாட்சி கேரி ராபர்ட்ஸ். கழுத்துக் காயத்தால் 1996-இல் ஓய்வு அறிவித்தவர், உடலை அடியிலிருந்து மறுபடி கட்டி எழுப்பித் திரும்பி வந்தார். நாற்பது வயது கடந்து 2009 வரை ஆடினார். பிறகு ஸ்டீவன் ஸ்டாம்கோஸ், கானர் மெக்டேவிட் போன்றவர்கள் கோடையில் தேடி வரும் பயிற்சியாளர் ஆனார். வலுவில்லாத உடம்பு மோதலைத் தாங்காது. ஆனால் வலுவான உடம்பு எல்லாம் மோதலை வெல்லும் என்றும் ஆகாது.

இதற்கு 2014-இல் ஒரு கண்கண்ட உதாரணம் கிடைத்தது. அந்த ஆண்டுத் தேர்வுக்கு வந்த வட அமெரிக்க இளைஞர்களில் லீக்கின் தரப்பட்டியல் முதலிடம் தந்த சாம் பென்னட், சோதனை முகாமில் ஒரு புல்-அப்கூட எடுக்க முடியாமல் போனார். செய்தி பரவியது, கேலியும் பரவியது. கால்கரி அணி அவரை நான்காவதாகத் தேர்ந்தெடுத்தது. அதே பென்னட் ஃபுளோரிடா அணியில் 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் ஸ்டான்லி கோப்பை வென்றார். 2025-இல் பிளே-ஆஃப் சுற்றின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதும் அவருக்கே. ஆண்டுகள் கடந்து அவர் உடம்பும் முற்றியது என்பது உண்மை. ஆனால் அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூலையில், வலையோரத்தில், இன்னொருவர் தன் மேல் சாய்ந்து அழுத்தும்போது இடம் பிடிப்பதுதான் அவர் செல்வம். அதை எந்தக் கம்பியில் தொங்கவிட்டு அளப்பது?

இயக்க அறிவியல் இதற்கு வெகு முன்பே விடை தேடத் தொடங்கிவிட்டது. சோவியத் உடலியங்கியல் அறிஞர் நிக்கலாய் பெர்ன்ஸ்டைன் கொல்லர்கள் சுத்தியல் வீசுவதை ஆராய்ந்தார். தேர்ந்த கொல்லரின் கைகூட ஒவ்வொரு வீச்சிலும் சற்றே வேறு பாதையில் போகிறது, அடி மட்டும் சரியான இடத்தில் விழுகிறது என்று கண்டார். திறமை என்பது ஒரே அசைவைத் திரும்பச் செய்வது அல்ல, ஒரே பிரச்சினையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பது என்பது அவர் கொள்கையின் சாரம். 2006-இல் ஷெப்பர்ட், யங் என்ற இரு ஆய்வாளர்கள் சுறுசுறுப்பு என்பதற்கே புது வரையறை தந்தார்கள். எதிரே ஏதாவது நடந்து, அதைக் கண்டு உடல் திசையையோ வேகத்தையோ மாற்றினால்தான் அது சுறுசுறுப்பு. முன்பே தெரிந்த கூம்பைச் சுற்றுவது வெறும் திசைமாற்றம். கூம்பு பொய் அசைவு காட்டாது. அது உங்கள் கண்ணைப் படிக்காது, முதல் அடியில் தோற்றால் இரண்டாம் அடியில் வேறு தந்திரம் யோசிக்காது.

அமெரிக்க ஹாக்கி அமைப்பு 2009-இல் தன் பிள்ளை வளர்ப்புத் திட்டத்தையே மாற்றி அமைத்தது. சின்னப் பிள்ளைகளுக்கு முழுத்தளம் வேண்டாம், தளத்தைக் குறுக்கே பிரித்துச் சிறு இடத்தில் ஆடட்டும், வரிசையில் நிற்கும் நேரம் குறையட்டும் என்றது. பனியில் நடந்த இந்த மாற்றம் தரைக்கும் வந்தது. இப்போது நல்ல பயிற்சிக் கூடம் ஒன்றில் நுழைந்தால் பிள்ளைகள் இருவர் இருவராக எதிரெதிரே நிற்பதைக் காணலாம்.

எளிமையானது முட்டி தொடும் ஆட்டம். கை எட்டும் தூரத்தில் இருவர். எதிராளியின் முழங்காலைக் கையால் தொட வேண்டும், தன் முழங்காலைத் தொட விடக்கூடாது. பத்து நொடி. "முட்டியை மடக்கு, முதுகை நேராக வை" என்று பயிற்சியாளர் நூறு முறை கத்தியும் மடங்காத கால்கள் இங்கே தானாக மடங்கும். நிமிர்ந்து நிற்பவனுக்கு எதிராளியின் முட்டி எட்டாது. கால் ஊன்றி நிற்பவன் அடி வாங்குவான். அடுத்தது நிழல் ஆட்டம். சில அடி இடைவெளியில் இரு கோடுகள். ஒருவன் பக்கவாட்டில் எப்படியெல்லாமோ அசைவான், மற்றவன் அவனுக்கு நேர் எதிரே இருந்துகொண்டே இருக்க வேண்டும். முன்னவன் திடீரென்று கோட்டைத் தாண்டிப் பாய்ந்தால் பின்னவன் மறிக்க வேண்டும். கிளித்தட்டு ஆடிய யாருக்கும் அந்தப் பதைப்பு உடனே புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது பந்தைக் காக்கும் ஆட்டம். சிறு வட்டத்துக்குள் ஒருவன் கனமான மெடிசின் பந்தை வயிற்றோடு அணைத்திருப்பான், அல்லது சாதாரணப் பந்தைக் காலடியில் வைத்திருப்பான். மற்றவன் அதைப் பறிக்கப் பின்னாலிருந்து இடுப்பிலும் தோளிலும் தள்ளுவான். முதலில் எல்லாப் பிள்ளைகளும் தள்ளும் கைக்கு எதிர்த்திசையில் விலகத்தான் பார்ப்பார்கள். விலகியவுடன் பந்து போய்விடும். சில முறை இழந்த பிறகு உடம்பு ஒன்றைக் கண்டுபிடிக்கும்: தள்ளு வரும் பக்கமே சாய்ந்து, அதன் மேலேயே பாரத்தைப் போட்டால் எதிராளி சிக்கிக்கொள்வான், அவன் பலத்தைக் கொண்டே மறுபக்கம் சுழன்றுவிடலாம். மூலையில் பக்கைக் காக்கும் வித்தை முழுவதும் இதில் இருக்கிறது. சொல்லிக் கொடுத்தால் தலைக்குப் போகும், பறிகொடுத்தால் இடுப்புக்குப் போகும்.

இவற்றோடு குப்புறப் படுத்திருந்து சைகை கேட்டதும் எழுந்து ஓடும் பந்தயம், மூன்றாம் ஆள் கையிலிருந்து விழும் டென்னிஸ் பந்தை இரண்டாம் முறை குதிப்பதற்குள் முந்திப் பிடிப்பது, கவிழ்த்த வாளியைக் கோலாக வைத்து மட்டையோடு இருவர் ஆடுவது. பொருள் செலவு கிட்டத்தட்ட இல்லை. பயிற்சியாளரின் கலை வேறு இடத்தில் இருக்கிறது. இடத்தைச் சுருக்கினால் உடல் மோதல் கூடும், விரித்தால் வேகம் கூடும். "இடப்பக்கம் தாண்டினால் இரண்டு புள்ளி" என்று ஒரு விதி சேர்த்தால் வலப்பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த பிள்ளை புது வழி தேடும். ஐந்து முதல் பத்து நொடி ஆடவிட்டு, அதைப் போலப் பல மடங்கு நேரம் மூச்சு வாங்க விட வேண்டும். களைத்த உடம்பு தந்திரம் கற்காது, தப்புத்தான் கற்கும். முக்கியமாக, ஜோடியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஆளிடம் ஆடிப் பழகினால் அவனை மட்டுமே வெல்லத் தெரியும்.

ஜோடி சேர்ப்பதில்தான் பல கூடங்கள் தவறுகின்றன. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இரு பிள்ளைகளுக்கு நடுவே வளர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி இருக்கலாம். எடையும் உயரமும் பாராமல் மோதவிட்டால் ஒருவன் தினமும் ஜெயிப்பான், ஒருவன் தினமும் தோற்பான். இருவரும் ஒன்றும் கற்க மாட்டார்கள். தொடர்ந்து தோற்கும் பிள்ளை கொஞ்ச நாளில் ஆட்டத்தையே விட்டுவிடும். அடிக்கடி தோற்றாலும் அடுத்த முறை ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை உயிரோடு இருக்கும்படி ஜோடி அமைய வேண்டும். சிறியவனுக்கு அரை அடி முன்கூட்டிய தொடக்கம் தரலாம், பெரியவனுக்கு ஒரு கையை மட்டும் அனுமதிக்கலாம்.

தலைக் காயம் பற்றிய அச்சமும் இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கிறது. உடலால் மோதித் தடுப்பதை அமெரிக்கா 2011-இலும் கனடா 2013-இலும் பன்னிரண்டு வயது வரைக்குமான ஆட்டங்களில் தடை செய்தன. சரியான முடிவு. ஆனால் பதின்மூன்று வயதில் முதன்முறையாக மோதலைச் சந்திக்கும் பிள்ளைக்கு அதை எதிர்கொள்ள உடம்பு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? சறுக்குக் காலணியின் வேகமும் பலகைச் சுவரும் இல்லாத தரையில், நெருக்கத்தில் நின்று தள்ளவும் தாங்கவும் விலகவும் சிறுவயதிலேயே பழகுவது அதற்கான பாதுகாப்பான வழி. இந்தக் காரணம் ஒன்றுக்காகவே ஒத்தைக்கு ஒத்தை ஆட்டங்களை எல்லா சிறுவர் அணிகளும் ஏற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லும்போது ஒரு எதிர்வாதத்தையும் மதித்தாக வேண்டும். கிரெட்ஸ்கியின் தந்தை வால்டர், பிரான்ட்ஃபோர்ட் வீட்டுப் பின்புறப் பனித்தளத்தில் மகனுக்குத் தகர டப்பாக்களை வரிசையாக வைத்துத்தான் பக்கை ஓட்டப் பழக்கினார். மெக்டேவிட் சிறுவயதில் வீட்டு வாகனப்பாதையில் பெயின்ட் டப்பாக்களை நிறுத்தி உருளைக் காலணியோடு அவற்றைச் சுற்றினார். சிட்னி கிராஸ்பி வீட்டு நிலவறையில் துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் பக்கை அடித்து அடித்தே வளர்ந்தவர். டப்பாவும் இயந்திரமும் எதிராளி அல்ல. இருந்தும் மூவரும் உச்சிக்குப் போனார்கள். கைவிரலின் நுணுக்கம் தனிமையில் வளரும், அதற்கு அலுக்காத தனிமை தேவை. ஆனால் அந்த மூவரும் பனியிலும் தெருவிலும் ஓயாமல் ஆடியவர்களும்கூட. தனிமையில் பழகிய கை, எதிரே ஒருவன் வந்து நின்றபோதுதான் எப்போது எதைச் செய்வது என்று கற்றது. இன்றைய பிள்ளைகளுக்குக் குறைந்து போயிருப்பது இந்த இரண்டாவது பாதி.

குறைந்ததற்குக் காரணமும் இருக்கிறது. போக்குவரத்து கூடியது, பிள்ளைகளின் மாலை நேரம் அட்டவணைக்குள் போனது. டொரொண்டோவில் தெருவில் பந்து ஹாக்கி ஆடுவதற்கே சட்டப்படி தடை இருந்தது. வேகம் குறைந்த குடியிருப்புத் தெருக்களில் பகலில் ஆடலாம் என்று நகர மன்றம் தளர்த்தியது 2016-இல்தான். முன்பு தெரு இலவசமாகத் தந்ததை இன்று பயிற்சிக் கூடம் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிறது. பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அது கிடைப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. என்.எச்.எல். வீரர்களோ அப்படி ஒருவரோடு ஒருவர் விளையாடுவதை இன்னும் விடவில்லை. ஆட்டத்துக்கு முன் அரங்கின் தாழ்வாரத்தில் வட்டமாக நின்று, கால்பந்தைக் கீழே விழாமல் தட்டிவிட்டு, தவறவிட்டவரை வெளியேற்றி, கடைசியில் இருவர் மிஞ்சும் வரை கூச்சலிட்டு ஆடுகிறார்கள். பல கோடி சம்பளம் வாங்குகிறவர்கள் உடம்பைச் சூடேற்ற அதையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோடை வரும்போது பிள்ளையை ட்ரைலேண்ட் வகுப்பில் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இயந்திரங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே ஒரு மணி நேரத்தில் பிள்ளை எத்தனை முறை இன்னொரு பிள்ளைக்கு எதிரே நிற்கிறது, ஜோடிகளை யார் எப்படிச் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, இரண்டு மட்டையும் ஒரு டென்னிஸ் பந்தும் கொடுத்து, வீட்டு முன்பாதையை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.